சிரித்த முகம் காணவில்லை

ஒளிச்சிற்பி அழும்போதுகூட வெளிச்சம் பார்த்துத்தான் அழுதார்.

ஸ்டுடியோவின் நடுவில் நின்று ஆரம்பித்தவர், இரண்டு விம்மலுக்குப் பிறகு தன் முகத்தில் நிழல் விழுவதை எதிர்க் கண்ணாடியில் கவனித்தார். மூன்றடி நகர்ந்து, பெரிய விளக்குக்குக் கீழே வந்து நின்று, மீதியை அழுது முடித்தார். பட்டுக் கைக்குட்டையால் இரண்டு கண்ணையும் ஒற்றிக்கொண்டார். கைக்குட்டை நனையவில்லை என்பதை மச்சினன் பார்த்தான். உள்ளே வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் கேஸ் கொடுத்தவரையே சந்தேகப்பட்டால் அடுத்த கேஸ் யார் கொடுப்பார்கள்?

மச்சினன் என்பதுதான் அவனுக்கு உறவும், உத்தியோகமும். அக்காவின் கணவர் இன்ஷூரன்ஸ் வேலையை உதறிவிட்டு 'துப்பறியும் நிபுணர்' என்று போர்டு மாட்டியபோது அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: ஆபீஸில் தம்பிக்கும் ஒரு நாற்காலி. நாற்காலி வந்தது. கேஸ்தான் வரவில்லை. மூன்று வருஷத்தில் உருப்படியாக வந்தது காணாமல் போன ஒரு நாய். அதுவும், இவர்கள் இருவரும் நாலு தெரு தள்ளி நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தானாகவே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

"சார், அது போட்டோ இல்ல," என்றார் ஒளிச்சிற்பி. "அது ஒரு காவியம்."

"காவியத்துக்கு நெகட்டிவ் இருந்துச்சா?" என்று கேட்டான் மச்சினன்.

நிபுணர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "என் உதவியாளர்," என்றார் ஒளிச்சிற்பியிடம், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"நெகட்டிவும் போச்சு. ஷோகேஸ்ல இருந்த பிரிண்டும் போச்சு. பூட்டு பூட்டினபடி இருக்கு, உள்ளே இருந்த ரெண்டும் மட்டும் மாயம்!"

'ஒளிச்சிற்பி' என்ற பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. போர்டு எழுதியவனுக்கு மட்டும் தெரியும். ஆனால் காணாமல் போன படம் நிஜமாகவே பெரிய விஷயம்தான். பத்து நாளைக்கு முன்பு ஒரு புதுமுகம் விளம்பரப் படம் எடுத்துக்கொள்ள வந்தாள். அதுவரை ஒரே ஒரு சினிமாவில், கதாநாயகிக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நாலாவது தோழியாக வந்தவள். அவள் படம் ஒன்றை ஒளிச்சிற்பி ஷோகேஸில் வைத்தார். மறுநாள் அந்த வழியே காரில் போன தயாரிப்பாளர் ஒருவர் வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி, இறங்கி, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, இவள்தான் தன் அடுத்த படத்துக்குக் கதாநாயகி என்றார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நெகட்டிவ் கைக்கு வர வேண்டும், கட்டடம் உயரத்துக்குப் பேனர் வைக்கப்போகிறேன் என்றார். கூடவே அதே மாதிரி இன்னும் பன்னிரண்டு படம். நெகட்டிவ் வராவிட்டால் அவர் ஒன்றும் தவித்துவிட மாட்டார். மனைவியின் தங்கை மகள் ஒருத்தி வீட்டிலேயே மேக்கப்போடு காத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்று வெள்ளிக்கிழமை. மணி இரண்டேகால்.

புதுமுகம் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா, மடியில் கைப்பையோடு.

"வேலையை விட்டுட்டேன் சார்," என்றாள் புதுமுகம். "பல் டாக்டர் கிளினிக்ல ரிசப்ஷன். கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றவங்களைப் பார்த்துச் சிரிக்கிற வேலை. என் நாற்காலியில அன்னைக்கே வேற ஆளை உட்கார வெச்சுட்டாங்க."

"நான் அப்பவே சொன்னேன், லீவு போடு, விட்டுடாதேன்னு," என்றாள் அம்மா. "யாரு கேக்கறா?"

"கதாநாயகியா நடிக்கப் போறேன்னு லீவு லெட்டர் எழுத முடியுமாம்மா?"

"காய்ச்சல்னு எழுதறது."

"மூணு மாசத்துக்கா?"

"விட்டு விட்டு வர்ற காய்ச்சல்னு எழுதணும்."

நிபுணர் தொண்டையைக் கனைத்தார். "ஸ்டுடியோ சாவி யார் யாரிடம் இருக்கிறது?" கேஸ் என்று வந்துவிட்டால் அவர் புத்தகத்தில் அச்சடித்த மாதிரிதான் பேசுவார். கனம் சேரும் என்று நினைப்பு.

"ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு..." ஒளிச்சிற்பியின் கண் பின்பக்கத்துத் திரைச்சீலைக்குப் போனது. "டச்சப் பண்ற அம்மாகிட்ட. நெகட்டிவ்ல மரு, சுருக்கம் எல்லாம் எடுக்கறவங்க. பதினெட்டு வருஷமா இங்கதான். நான் யாரையும் குத்தம் சொல்ற ஆள் இல்ல சார். ஆனா சாவி ரெண்டே ரெண்டுதான்."

மச்சினன் சுவரைப் பார்த்தான். முப்பது நாற்பது நடிகைகள் சட்டத்துக்குள் இருந்தார்கள். எல்லோரும் இடது பக்கம் கூரை மூலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பல்லி ஏதாவது இருக்கிறதா என்று அவனும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். ஒருத்திக்கும் முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. கழுவித் துடைத்த பீங்கான் தட்டுகளுக்குக் கண்ணும் வாயும் வரைந்து மாட்டினதுபோல் இருந்தது. பெரிய கேமராவுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி கிடந்தது.

"இது எதுக்கு சார்?"

"பார்வைக் கோணம்!" ஒளிச்சிற்பி அதன்மேல் ஏறிக் காட்டினார். "கலைஞன் எப்பவும் ஒரு படி மேல நின்னுதான் பார்க்கணும்." இறங்கியபோது மச்சினனின் தோளுக்குக் கீழே வந்து சேர்ந்தார்.

"காணாமல் போன படத்துக்கு வேறு பிரதி உண்டா?" என்றார் நிபுணர்.

"இல்லவே இல்ல. ஒரே பிரிண்ட். ரெண்டாவது போட நான் விடல. காவியத்துக்கு ஏது சார் கார்பன் காப்பி?"

"என்கிட்ட ஒண்ணு இருக்கே," என்றாள் அம்மா.

கைப்பைக்குள்ளிருந்து சீப்பு, மாத்திரைப் பட்டை, மடித்த பஸ் டிக்கெட் எல்லாம் வெளியே வந்தன. கடைசியில் ஒரு சின்ன அட்டை வந்தது. ஒளிச்சிற்பியின் கையிலிருந்த கைக்குட்டை கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"அது... அது எப்படி உங்ககிட்ட?"

"ஆசையாக் கேட்டேன். டச்சப் பண்ற அம்மா குட்டியா ஒண்ணு போட்டுக் கொடுத்தாங்க."

அட்டையில் புதுமுகம் சிரித்துக்கொண்டிருந்தாள். மூலையை எல்லாம் பார்க்கவில்லை. நேராக, பார்க்கிறவனின் கண்ணையே பார்த்து, யாரோ ஏதோ சொல்லி அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. ஒரு முடிக்கற்றை வாயோரம் ஒட்டியிருந்தது. மச்சினன் தன்னையறியாமல் பதிலுக்குச் சிரித்துவிட்டான். அட்டையைப் பார்த்து இளிப்பதை அத்தான் கவனித்துவிட்டாரோ என்று திரும்பினான். அவரும் இளித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் தனியாக ஆராய வேண்டும்," என்று சொல்லி நிபுணர் அவனை நடைக்கு இழுத்துப் போனார். ஆள் இல்லாத இடத்துக்கு வந்ததும் அச்சுத் தமிழ் கழன்றுவிழுந்தது. "மாப்ளே, டச்சப் அம்மாதான். கேஸ் முடிஞ்சுது. வா."

"அவசரப்படாதீங்க அத்தான். இந்தப் படத்துல ஏதோ இடிக்குது."

"என்ன இடிக்குது?"

"உச்சந்தலை."

"யாருக்கு?"

"சுவத்துல இருக்கற அத்தனை பேருக்கும் வகிடு தெரியுது. பெட்டி மேல ஏறி நின்னு எடுத்தா உச்சந்தலைதானே முதல்ல விழும்? இதுல வகிடே இல்ல, பாருங்க. தாடைக்குக் கீழே தெரியுது. எடுத்தவங்க உட்கார்ந்துக்கிட்டு எடுத்திருக்காங்க. நம்ம ஆளு கேமரா முன்னாடி உட்காருவாரா? நின்னாலே பத்தலைன்னு பெட்டி போட்டவர்."

நிபுணர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். மூன்று வருஷமாக அது மாத்திரை டப்பாவில் பொடி எழுத்துப் படிக்க மட்டுமே பயன்பட்டுவந்தது. அட்டையை வெளிச்சத்தில் பிடித்து அதில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"தூங்கிட்டீங்களா?"

"சும்மா இரு. உள்ளே போய் அந்தச் சுவத்துல இருக்கறவங்க கண்ணைப் பார்த்துட்டு வா. கருவிழியில என்ன தெரியுதுன்னு சொல்லு."

மச்சினன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ரெண்டு ரெண்டு வட்டம். வெள்ளைப் பொத்தான் தெச்ச மாதிரி."

"ஸ்டுடியோ விளக்கு ரெண்டு. அதான் ரெண்டு பொத்தான். இதுல பாரு."

மச்சினன் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தான். புதுமுகத்தின் கண்ணுக்குள் ஒரே ஒரு சதுரம் இருந்தது. சதுரத்துக்குள் மூன்று கம்பி.

"ஜன்னல்!" என்றான். "அத்தான், நிஜமாவே துப்பறிஞ்சுட்டீங்க!"

"உங்க அக்காகிட்ட சொல்லு," என்றார் நிபுணர். அவர் காது மடல் சிவந்தது.

"இன்னொண்ணு. பொண்ணோட புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்கே, படத்துல அது அப்படியே இருக்கு. இந்தக் கடையில ஒரு பரு வெளியே தப்பிச்சுப் போனதா சரித்திரம் உண்டா? இதை மட்டும் ஏன் விட்டாங்க?"

ஸ்டுடியோ முழுக்கக் கறுப்புத் துணி அடித்திருந்தது. ஜன்னல் எங்கே என்று தேடிக்கொண்டு போனார்கள். பின்பக்கத்துத் திரைச்சீலையை விலக்கியதும் கிடைத்தது. மூன்று கம்பி போட்ட சதுர ஜன்னல், அதற்குக் கீழே சாய்வு மேஜை, மேஜைக்குப் பின்னால் குட்டையான நாற்காலியில் டச்சப் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் ஊசி மாதிரி சீவின பென்சில்.

"உட்காருங்க," என்றாள் தலை நிமிராமல். "இந்தம்மாவோட ரெண்டாவது தாடையை எடுத்துட்டு வந்துடறேன்."

எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். நிபுணர் அட்டையை மேஜைமேல் வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள். மழுப்பவில்லை.

"நான்தான் எடுத்தேன்."

"நெகட்டிவையா?"

"படத்தை. அன்னைக்குக் காலையில இருந்து அந்தப் பொண்ணைத் தாடையைத் தூக்கு, மூலையைப் பாருன்னு ஒரே பாடு. மத்தியானம் சார் கற்பனையில ஆழ்ந்துட்டார்."

"கற்பனைன்னா?" என்றான் மச்சினன்.

"சோபாவுல படுத்து ரெண்டு மணி நேரம் கண்ணை மூடிக்குவார். குறட்டை வரும். இந்தப் பொண்ணு மேக்கப் கலைக்க இங்க வந்தா. 'கழுத்து அப்படியே கோணிக்கிட்டு நின்னுபோச்சுக்கா'ன்னா. 'கவலைப்படாதே, டச்சப்ல நிமித்திடறேன்'னேன். சிரிச்சா பாருங்க! மேஜையில சின்ன கேமரா இருந்துச்சு. உட்கார்ந்த இடத்துலேர்ந்தே அழுத்திட்டேன். மத்த படத்தோட இதையும் கழுவிக் காயப் போட்டேன். சார் எழுந்து வந்து பிரிண்டைப் பார்த்தார். 'பார்த்தியா, என் கை!'ன்னார்."

"நீங்க சொல்லலையா?"

"பதினெட்டு வருஷமா என் வேலையே யார் கண்ணுக்கும் தெரியாம இருக்கறதுதான். டச்சப் பண்ணினது தெரிஞ்சா அது டச்சப்பே இல்ல."

"அந்தத் தழும்பு?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நாள் பூரா அடுத்தவங்க படத்துல அழிச்சுக்கிட்டே இருக்கேன். நான் எடுத்தது ஒண்ணாவது இருக்கற மாதிரி இருக்கட்டும்னு தோணுச்சு."

திரைச்சீலை படாரென்று விலகியது. இத்தனை நேரம் அதற்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒளிச்சிற்பி உள்ளே பாய்ந்தார். அவர் சத்தத்தைக் கேட்டுப் புதுமுகமும் அம்மாவும் ஓடிவந்தார்கள்.

"கேட்டீங்களா? தான் எடுத்ததா சொல்லிக்கிட்டுத் திரியறா! பொறாமை! அதான் நெகட்டிவைத் தூக்கிட்டா! மேஜை டிராயரைப் பாருங்க சார், டிராயரை!"

டிராயரில் பென்சில், பிளேடு, தலைவலித் தைலம் தவிர ஒன்றும் இல்லை. புதுமுகம் அக்காவைப் பார்த்தாள். "அக்கா, நீங்க எடுத்திருந்தா கொடுத்துடுங்க அக்கா. நாலு மணிக்கு அவர் வந்துடுவார். எனக்குத் திரும்பிப் போக இடமில்ல."

"என்கிட்ட இல்லம்மா. இருந்தா உனக்குக் கொடுக்காம யாருக்குக் கொடுப்பேன்?"

அந்தக் குரலில் மச்சினனுக்குச் சந்தேகம் வரவில்லை. திருடப்போகிறவள் அதே படத்தை அம்மாவின் கைப்பைக்கு அனுப்பிவைப்பாளா? அவன் சாய்வு மேஜையைப் பார்த்தான். தாடை எடுத்த நெகட்டிவை அக்கா பேசிக்கொண்டிருந்தபோதே ஓர் உறைக்குள் போட்டு, நம்பர் எழுதி, நிறுத்தி வைத்திருந்தாள். கை அதன்பாட்டுக்குச் செய்திருந்தது.

"அக்கா, நெகட்டிவை உறையில போடாம இங்க யாராவது வைப்பாங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். "நல்லாக் கேட்டீங்க. கீறல் விழுந்தா போச்சே. வீடு தீப்பிடிச்சாலும் சார் முதல்ல நெகட்டிவை உறையில போட்டு நம்பர் எழுதிட்டுத்தான் ஓடுவார்."

"காணாமப் போனது சின்ன கேமராவோட நெகட்டிவ். எவ்வளவு பெருசு இருக்கும்?"

"தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெருசு. இங்க மத்த நெகட்டிவ் எல்லாம் உள்ளங்கை அளவு. உறையும் அதே அளவுதான்."

"பெரிய உறையில போட்டா?"

"உள்ளே ஆடும். ஆடினா கீறும்."

"அப்ப சின்ன உறை இந்தக் கடையில எங்க இருக்கு?"

அக்கா நிமிர்ந்து ஒளிச்சிற்பியைப் பார்த்தாள். "சொல்லட்டுமா சார்?"

"சொல்லாதே!" என்றார் ஒளிச்சிற்பி.

அறையில் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் யாரையும் பார்க்காமல் இருக்க முயன்று, அலமாரியின் உச்சியைப் பார்த்துவிட்டார். அங்கே ஒரு தகரப் பெட்டி இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'வெளிநாட்டுக் கண்காட்சிக்கு. தொடக் கூடாது.'

மச்சினன் நாற்காலிமேல் ஏறிப் பெட்டியை இறக்கினான். ஒளிச்சிற்பி குறுக்கே விழுந்தார். "அதைத் திறந்தா என் பதினெட்டு வருஷ உழைப்பு! சர்வதேச விவகாரம்!" அம்மா அவரை ஒரு கையால் நகர்த்திவிட்டு மூடியைத் தூக்கினாள்.

உள்ளே சின்னச் சின்ன உறைகள், நூற்றுக்கணக்கில். நிபுணர் ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் உயர்த்தினார். இரண்டு காதும் தெரிய, உதட்டை இறுக்கிக்கொண்டு ஒரு ஆள். இன்னொன்று. இரண்டு காதும் தெரிய ஒரு பெண். இன்னொன்று. இரண்டு காது.

"பாஸ்போர்ட் போட்டோ!" என்றான் மச்சினன். "வெளிநாட்டுக்குன்னு போட்டது பொய்யில்ல அத்தான். எல்லாரும் வெளிநாடுதான் போறாங்க."

முன்வாசலில் பாஸ்போர்ட் படம் என்று கேட்டு வருகிறவர்களை 'இது கலைக்கூடம்' என்று விரட்டுவது ஒளிச்சிற்பியின் வழக்கம். விரட்டப்பட்டவர்கள் சந்து வழியாகப் பின்வாசலுக்கு வந்தால், டச்சப் அக்கா இதே ஜன்னலுக்கு எதிரே உட்கார வைத்து எடுத்துக் கொடுப்பாள். கலைக்கூடத்து விளக்குகள் எரிவது அந்தப் பின்வாசல் புண்ணியத்தில்தான்.

புதுமுகம் மண்டியிட்டு ஒவ்வொரு உறையாகத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசி வரிசையில் ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. தேதி, நம்பர், சுழித்துச் சுழித்து எழுதின கையெழுத்து. கீழே கோடு போட்டு, 'மென்மையாகக் கையாளவும்.' உள்ளேயிருந்து அவளுடைய சிரிப்பு வெளியே வந்தது, கறுப்பு முகத்தோடும் வெள்ளைத் தலைமுடியோடும்.

திருடன் திருடியதையும் முறைப்படி நம்பர் போட்டு அடுக்கி வைத்திருந்தான்.

ஒளிச்சிற்பி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் எடுத்ததுன்னுதான் நினைச்சேன். சத்தியமா நினைச்சேன். நெகட்டிவைக் கையில எடுத்ததும் தெரிஞ்சுபோச்சு. என் கேமராவுல இந்தச் சைஸே விழாது. அவர் அதே மாதிரி பன்னிரண்டு கேட்டாரே! நேத்து பூரா எடுத்தேன், முந்தாநாள் பூரா எடுத்தேன். இந்தப் பொண்ணு பல்வலி வந்தவ மாதிரியே நிக்குது. முதல் படம் காணாமப் போச்சுன்னா, எதோட வெச்சு ஒப்பிட்டுப் பார்ப்பாங்க?"

"எரித்திருக்கலாமே?" என்றார் நிபுணர்.

"நெகட்டிவையா?" ஒளிச்சிற்பி அதிர்ந்துபோய் நிமிர்ந்தார். "என்ன சார், என்னைக் கொலைகாரன்னா நினைச்சீங்க?" அவர் கன்னத்தில் நிஜமாகவே நீர் இறங்கியது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று இந்தத் தடவை அவர் பார்க்கவில்லை.

"எனக்கு ஒண்ணு புரியல," என்றான் மச்சினன். "ஒளிச்சு வெச்சவர் எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?"

"தயாரிப்பாளர் போலீஸ்னார். வேண்டாம், துப்பறியும் நிபுணரை வெச்சுக்கறேன்னு நான்தான் தடுத்தேன். ஊர்ல நாலு பேர்கிட்ட விசாரிச்சேன்."

நிபுணர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "எங்கள் திறமையைப் பற்றியா?"

"ஆமா சார். எதையும் கண்டுபிடிக்காத ஆள் யாருன்னு. அந்த நாயோட சொந்தக்காரர் உங்களைத்தான் ரொம்பப் பலமா சிபாரிசு செஞ்சார்."

வாசலில் கார் ஹாரன் கேட்டது. நாலு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

தயாரிப்பாளர் வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போடுகிற ஜாதி. அறை இருட்டாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டே உள்ளே வந்தார். நிபுணர் நெகட்டிவை நீட்டினார். தயாரிப்பாளர் வாங்கப்போன கையை நிறுத்திவிட்டுப் புதுமுகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். நேரில் அவளை இப்போதுதான் பார்க்கிறார்.

"இது என்னம்மா, புருவத்துக்கு மேல?"

"சின்ன வயசுல அம்மை போட்டது சார்." அவள் கை தானாகவே முடியை இழுத்து மூடியது.

"படத்துல இருக்கா? ஷோகேஸ் கண்ணாடியில தூசின்னு இல்ல நினைச்சேன்! கட்டடம் உயரத்துக்குப் பெருசு பண்ணினா குடம் உருளற அளவு பள்ளம் தெரியுமே! இங்கயே, இப்பவே எடுத்துடுங்க. இல்லன்னா சொல்லிடுங்க, வீட்டுல பொண்ணு ரெடியா இருக்கு. அதுக்குப் பள்ளம் கிள்ளம் ஒண்ணும் கிடையாது."

அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். ஒளிச்சிற்பி பழக்க தோஷத்தில் துள்ளி எழுந்தார். "அஞ்சே நிமிஷம் சார், பளிங்காக்கிடறோம்!"

டச்சப் அக்கா கையை நீட்டி நெகட்டிவை வாங்கிக்கொண்டாள். குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, பென்சிலை ஒரு தடவை சீவினாள். எல்லோரும் ஓரடி தள்ளி நின்றார்கள். மச்சினன் மட்டும் அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தான். அதனால் அவனுக்கு மட்டும் தெரிந்தது. பென்சில் முனை நெகட்டிவுக்கு ஒரு மயிரிழை மேலே நின்று, இப்படியும் அப்படியும் வெகு மும்முரமாக வேலை செய்தது. ஒரு தடவைகூட அதைத் தொடவில்லை. நடுவில் அக்கா இரண்டு முறை உதட்டைக் கடித்தாள், ஒரு முறை பெருமூச்சு விட்டாள். கடைசியில் உஃப் என்று ஊதி, இல்லாத தூளைத் தட்டிவிட்டு நீட்டினாள்.

தயாரிப்பாளர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் உயர்த்திப் பார்த்தார். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும் அந்தத் துணுக்கில் அவருக்கு மூக்கு எது, காது எது என்று தெரிந்திருந்தாலே அதிசயம்.

"ஹா! இப்பப் பாருங்க! என்ன வித்தியாசம்! என் கண்ணுக்கு ஒண்ணு தப்பாது. நீங்க என்ன சொல்றீங்க, ஒளிச்சிற்பி?"

நெகட்டிவ் ஒளிச்சிற்பியின் கைக்குப் போனது. அவர் பார்த்தார். முப்பது வருஷமாக நெகட்டிவ் படிக்கிற கண். பள்ளம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், டச்சப் அக்காவுக்கு வேலை போகும், புதுமுகத்துக்கு வாய்ப்பு போகும், அவர் பெயர் மட்டும் மிஞ்சும். நிபுணர் தகரப் பெட்டியைத் தூக்கி, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம்," என்றார் ஒளிச்சிற்பி. "என்னால இப்படி முடியாது சார்."

"அந்தப் பன்னிரண்டு?"

"அக்கா எடுப்பாங்க," என்றாள் புதுமுகம். முடியைப் பின்னுக்குத் தள்ளியிருந்தாள். "இந்தப் படமும் அவங்க எடுத்ததுதான். அவங்க எடுத்தாத்தான் எனக்குச் சிரிப்பு வருது."

"யார் எடுத்தா எனக்கென்னம்மா? சமையக்காரர் எடுத்தாலும் சரி. அதே மாதிரி இருக்கணும், அவ்வளவுதான். இருந்து வாங்கிட்டுப் போறேன்." தயாரிப்பாளர் கறுப்புக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, கற்பனைக்கான சோபாவைத் தேடிப் போனார்.

மச்சினன் அக்காவின் பக்கம் குனிந்தான். "பேனர் வெச்சா தெரிஞ்சுடுமே?"

"தெரியட்டும். அதுக்குள்ள ஊரே பார்த்திருக்கும். ஊர் நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, அந்தத் தழும்பு இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்னு அவரே பேட்டி கொடுப்பார்."

"எப்ப சிரிப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாது தம்பி. பதினெட்டு வருஷமா சிரிக்காதீங்க, சிரிக்காதீங்கன்னே சொல்லிக்கிட்டிருக்கேன். யாருக்குச் சிரிப்பு கிளம்புதுன்னு அவங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும்."

சின்ன கேமராவில் புது ரோல் போட்டாள். புதுமுகத்தை ஜன்னலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார வைத்தாள். நாலு மணி வெயில் கம்பி வழியாக வந்து அந்த முகத்தில், பள்ளத்தோடு சேர்த்து, நிறைந்து விழுந்தது. அம்மா மூலையில் நின்று, "கிளினிக்குக்கு எழுதறதா இருந்தா காய்ச்சல்னே எழுதிடலாம்டி, எதுக்கும் ஒரு பாதுகாப்பு," என்றாள். புதுமுகத்தின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. அக்காவின் விரல் பொத்தானுக்குப் போனது.

அப்போது ஒளிச்சிற்பி உள்ளே நுழைந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய், முப்பது வருஷப் பழக்கத்தில், "தாடையைக் கொஞ்சம் தூக்கும்மா, மூலையைப் பாரு," என்று ஆரம்பித்தார்.

டச்சப் அக்கா கேமராவிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் விழுது."